வாசல் பிளக்கில் கார் சார்ஜ் போடுகிறீர்களா?

திருமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் மோட்டாருக்குப் போட்ட பழைய 15 ஆம்பியர் பிளக்கில்தான் முதலில் எலக்ட்ரிக் காரைச் சார்ஜ் போட்டேன், ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் கைவைக்க முடியாத சூடு, சாக்கெட்டில் ஒரு துளையின் ஓரம் பழுப்பேறி லேசாக உருகியிருந்தது. மோட்டார் அரைமணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் ராத்திரி முழுக்க, எட்டு பத்து மணி நேரம் விடாமல் 3 கிலோவாட் வரை இழுக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் இழுத்து, அதற்கென்று ஒரு எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), மூடி போட்ட வாட்டர்புரூஃப் சாக்கெட் வைத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் எர்த். நம்ம ஊர் சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து மண் வெடித்துக் கிடக்கும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், எலக்ட்ரீஷியனை வைத்து அளந்தும் பார்த்துவிடுங்கள். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தினால் சுவிட்ச் டக்கென்று கீழே விழுந்து கரண்ட் நிற்க வேண்டும், விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். ஐப்பசி மழையில் சார்ஜர் பெட்டியைத் தரையில் போடாமல் ஆணியில் மாட்டி, ஒயரைக் கொஞ்சம் தொய்வாக விட்டால் தண்ணீர் சாக்கெட்டுக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.