வீணையில மூணாங்காலம் வரமாட்டேங்குதா? எனக்கு வந்த வழி

கும்மோணத்துல வீணை கிளாஸ் சேர்ந்தப்போ எனக்கு வயசு 38, பக்கத்துல உட்காந்திருந்ததெல்லாம் ஆறாங்கிளாஸ் பசங்க. சரளி வரிசை (ச ரி க ம-வை ஏத்தி இறக்கி வாசிக்கற ஆரம்பப் பாடம்) ரெண்டு காலம், அதாவது ரெண்டு வேகம், வந்துடுச்சு, மூணாங்காலத்துல ஏழு மாசம் மாட்டிக்கிட்டேன். உட்கார்ற விதம், மீட்டு, சுருதி சேக்கறதெல்லாம் உங்க டீச்சரே காமிச்சிருப்பாங்க, நேரா விஷயத்துக்கு வரேன்.

முதல் வேலை, வாசிக்கறதை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. நான் தப்பு வந்தா உடனே திரும்ப ச-லேர்ந்து ஆரம்பிப்பேன், அதனால ஒரு மணி நேரம் சாதகம் பண்ணினாலும் ஏற்கனவே நல்லா வர்ற ச ரி க ம-தான் இன்னும் நல்லா வந்துச்சு. கேட்டு பாத்தா எல்லா தடவையும் தடுக்கினது ஒரே இடம், த-லேர்ந்து நி.

ரெண்டாவது, அந்த இடத்தை மட்டும் தனியா எடுங்க. சரளி வரிசை வாசிக்கற ராகம் மாயாமாளவகௌளை, அதுல ப 7வது மெட்டு (கம்பியை அழுத்தற குறுக்குப் பட்டை), த 8வது, ரெண்டும் பக்கத்து பக்கத்துல. நி 11ல இருக்கு, நடுவுல ரெண்டு மெட்டு தாண்டணும். ப-க்கு ஆள்காட்டி விரல், த-க்கு நடுவிரல், நி-க்கு மறுபடி ஆள்காட்டி விரல், அதாவது இங்க கையே நகரணும். நான் கையை அப்படியே வச்சுக்கிட்டு விரலை மட்டும் எட்டி எட்டி நீட்டிட்டு இருந்தேன், நி எப்படி நேரத்துக்கு வரும்? 8ல விரல் இருக்கும்போதே கண்ணு 11க்கு போயிடணும். "த நி, த நி" மட்டும் அஞ்சு நிமிஷம், அப்புறம் "ப த நி ச", அப்புறம் இறங்கறப்போ "ச நி த ப". முழு வரிசை கடைசிலதான்.

மூணாவது மெட்ரோனோம், அதாவது ஒரே சீரா தட்டிக் காட்டற கருவி. நிமிஷத்துக்கு 60 தட்டுன்னு வச்சா முதல் காலம் நிமிஷத்துக்கு 60 ஸ்வரம், ரெண்டாங்காலம் 120, மூணாங்காலம் 240. 120லேர்ந்து 240க்கு ஒரே தாவு தாவ சொன்னா எப்படி, நடுவுல படியே இல்லையே! அதனால ரெண்டாங்காலத்துலயே 64, 68ன்னு ஏத்தி 80 வரைக்கும் போங்க, அது 160 ஸ்வரம். இப்போ மெட்ரோனோமை 40க்கு இறக்கி மூணாங்காலம் வாசிங்க, அதுவும் அதே 160. கை வேகம் மாறவே இல்ல, தட்டுக்கு நாலு ஸ்வரம்னு மனசுதான் பழகணும். அங்கேர்ந்து 60க்கு வர எனக்கு ஆறு வாரம் ஆச்சு. வலது கை சுண்டு விரல் தாளக்கம்பியை (தாளத்துக்காக பக்கவாட்டுல இருக்கற கம்பி) மீட்ட மறந்துடும், அதட்டி வைங்க.

மெட்ரோனோம் ஆப் ஏதாவது ஒண்ணு போதும், டொக் டொக்னு சத்தம் வந்தா சரி. ஆனா பின்னணி சுருதி தர்ற தம்புராவுக்கு தனி பெட்டிதான் என் சாய்ஸ், ஃபோன்ல வச்சா நடுவுல கால் வந்து கழுத்தறுக்கும்.

அப்டேட்: விரல் நுனி வெட்டுதுன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஒரே மூச்சா ஒரு மணி நேரம் வேண்டாம், காலைல இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது. தேங்காண்ணெய் துளி தொட்டுக்கோங்க, ரொம்ப வேண்டாம், கம்பி பிசுபிசுன்னு ஆயிடும்.

இன்னொண்ணு, திடீர்னு எல்லா ஸ்வரமும் அபஸ்வரமா கேட்டா உங்க கையை திட்டாதீங்க. மெட்டெல்லாம் மெழுகுல பதிச்சது. போன அக்னி நட்சத்திரத்துல ஜன்னலோரம் வச்சுட்டு திருவையாறு கல்யாணத்துக்கு போயிட்டேன், வந்து பாத்தா மெழுகு இளகி மூணு மெட்டு சாஞ்சு கிடக்கு. தஞ்சாவூர் கொண்டு போய் மேளம் கட்டிட்டு (மெட்டெல்லாம் சுருதிக்கு சரியா திரும்ப பதிக்கறது) வந்தேன், இப்ப பீரோ பக்கத்து மூலைலதான் வச்சிருக்கேன்.