ஹிரோஹிடோவுக்கு வசனம் எழுதுமுன்

1945 செப்டம்பர் 27, டோக்கியோ அமெரிக்கத் தூதரகம். டை கட்டாமல் இடுப்பில் கைவைத்து நிற்கிறார் ஜப்பானை ஆக்கிரமித்த நேச நாட்டுப் படைகளின் தலைவர், அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர். பக்கத்தில் விறைப்பாகப் பேரரசர் ஹிரோஹிடோ. போருக்குப் பிந்தைய ஜப்பானைப் படமெடுக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது இந்தப் புகைப்படத்தில்தான். புகைப்படம் உண்மை. சினிமாவில் பேரரசர் வாய்திறந்ததும்தான் வம்பு.

போரின் முழுப் பொறுப்பையும் தான் ஏற்பதாக அவர் உருக்கமாகச் சொல்வார், இசை எழும். அந்த வாசகம் வருவது 1964இல் வெளியான மெக்கார்தரின் நினைவுக் குறிப்பிலிருந்து. உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் ஒகுமுராவின் பதிவு 2002இல் வெளியானது. அதில் அப்படி எதுவும் இல்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று வாதிடுவோரும் உண்டு. ஆக, இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் காட்டினால் அது மெக்கார்தரின் படம்.

அடுத்த சறுக்கல், துப்பறியும் கதை. 2012இல் வந்த ‘எம்பெரர்’ படத்தில் மெக்கார்தரின் உதவியாளர் ஜெனரல் ஃபெல்லர்ஸ், பேரரசர் குற்றவாளியா என்று பத்து நாளில் கண்டுபிடிக்க அலைகிறார், கூடவே ஒரு காதலும். உண்மையான ஃபெல்லர்ஸ் 1945 அக்டோபர் 2 அன்று எழுதிய குறிப்பு வேறு மாதிரி: பேரரசரைப் போர்க்குற்றத்துக்காக விசாரித்தால் அரசு நிர்வாகமே சரியும், கிளர்ச்சி வெடிக்கும் என்றது. 1946 ஜனவரியில் மெக்கார்தர் வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்தியும் அதே கணக்குதான்: அவரை விசாரித்தால் குறைந்தது 10 லட்சம் படையினர் தேவைப்படுவார்கள். இது அரசியல் முடிவு. தடயம் தேடி எட்டிய தீர்ப்பாகக் காட்டுவது ஏமாற்று.

நாடகம் வேண்டுமென்றால், ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்திலேயே கிடக்கிறது. 1947 டிசம்பர் 31: பேரரசரின் விருப்பத்தை மீறி எந்த ஜப்பானியரும் நடக்க மாட்டார் என்று கூண்டில் உளறிவிட்டார் போர்க்காலப் பிரதமர் டோஜோ. வழக்குத் தொடுத்த தரப்புக்கே வியர்த்தது. ஆள் அனுப்பிப் பேசி, 1948 ஜனவரி 6 அன்று அவரையே அதைத் திருத்திச் சொல்ல வைத்தார்கள். குற்றம் சாட்டியவர்களும் சாட்டப்பட்டவரும் கைகோத்து ஒருவரைக் காத்த இந்தக் காட்சிக்கு எந்தக் காதலி ஈடு?

சரணடைந்தபோதும் டோஜோவையே பிரதமராகக் காட்டாதீர்கள். அவர் 1944 ஜூலையிலேயே விலகிவிட்டார். சரணடைந்தபோது பிரதமர் சுசுகி கந்தாரோ. போர்க்குற்றவாளிகளைக் குறிக்கும் ‘ஏ வகுப்பு’ என்பது கொடூரத்தின் முதல் ரேங்க்கும் அல்ல. போரைத் திட்டமிட்டுத் தொடங்கிய குற்றத்தின் பிரிவு. அந்த நீதிமன்றத்தின் இந்திய நீதிபதி ராதாபினோத் பால் எல்லோரையும் குற்றமற்றவர்கள் என்றது நம்மூரில் பெருமையாகப் பேசப்படும். ஆனால் ஜப்பானியப் படைகளின் அட்டூழியங்களை அவர் மறுக்கவில்லை.

1948 டிசம்பர் 23 அன்று ஏழு பேரைத் தூக்கிலிட்டதோடு படத்தை முடிப்பது இன்னொரு பழக்கம். மறுநாளே சுகமோ சிறையிலிருந்து கிஷி நொபுசுகே வெளியே வந்தார். டோஜோ அமைச்சரவையில் இருந்தவர், ஏ வகுப்புச் சந்தேக நபர், ஆனால் வழக்கே தொடரப்படவில்லை. 1957இல் அவர்தான் ஜப்பானின் பிரதமர்.