ஏழாவது தந்தியை அடக்கிப் பழகுவோம்

ஆறு தந்திக் கிட்டார் ஓரளவு கைவந்தவர்கள் ஏழு தந்தி கிடைத்ததும் முதலில் செய்வது, கூடுதலாக வந்த அந்தத் தடித்த ஏழாவது தந்தியை ஓங்கி ஒரு தட்டு தட்டுவதுதான். நெஞ்சுக்கூட்டில் வந்து அதிரும் அந்தச் சத்தத்துக்காகத்தானே வாங்குகிறோம்! நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று வாரம் கழித்து என் வாசிப்பைக் கைப்பேசியில் பதிந்து கேட்டேன். நான் தொடாத நேரத்திலும் அந்தத் தந்தி பின்னால் முனகிக்கொண்டே இருந்தது. அதனால் இந்தப் பாடத்தில் பெரும்பகுதி, அந்தத் தந்தியை எப்படிச் சும்மா இருக்க வைப்பது என்பது பற்றித்தான்.

முதலில் கிட்டார். சிங்கப்பூரில் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார்க் கடைகள் இருக்கின்றன. நேரில் போய் மடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, தந்தியின் நீளம். வழக்கமான 25.5 அங்குலத்தைவிட 26.5 அங்குலம் இருந்தால் தடித்த தந்தி தொய்யாமல் இறுக்கமாக நிற்கும். 27 அங்குலம் இன்னும் இறுக்கம், ஆனால் விரல் அதிகமாக விரிய வேண்டும். மற்றொன்று, பிரிட்ஜ், அதாவது உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பாகம். அசையாத பிரிட்ஜ் உள்ளதையே எடுங்கள். ஸ்பிரிங் வைத்து மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஆறும் விலகும். தொடக்கத்திலேயே அந்தப் பாடு வேண்டாம்.

அடுத்து, சுருதி சேர்ப்பது. தடித்த ஏழாவது தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை பி, இ, ஏ, டி, ஜி, பி, இ. கடைசி ஆறும் உங்களுக்குப் பழக்கமானவைதான். புதிய பி சுமார் 61.7 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த இ சுமார் 82.4 ஹெர்ட்ஸ். இவ்வளவு கீழே போகும்போது சில டியூனர்கள் தடுமாறும். அப்போது ஏழாவது தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டை (கழுத்தில் உள்ள உலோகக் கம்பிகளால் பிரிந்த கட்டத்தை) அழுத்தி வாசியுங்கள். திறந்த, அதாவது எங்கும் அழுத்தாத, ஆறாவது தந்தியோடு அது ஒத்துப்போக வேண்டும். மென்மையாகவே தட்டுங்கள். ஓங்கித் தட்டினால் தடித்த தந்தி இழுபட்டு, சுருதி ஒரு கணம் மேலே ஏறிவிடும்.

ஸ்வரங்களை மனப்பாடம் செய்ய ஒரு குறுக்குவழி உண்டு. ஏழாவது தந்தியும் பி, இரண்டாவது தந்தியும் பி. ஆகவே எந்த ஃப்ரெட்டிலும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: ஒன்றில் சி, மூன்றில் டி, ஐந்தில் இ, எட்டில் ஜி. இரண்டாவது தந்தி தெரிந்தவருக்கு ஏழாவதும் தெரியும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆறாவது தந்தியை ஒரு விரலால் அடக்கிக்கொண்டு, இரண்டாவது தந்தியைத் திறந்தபடி நன்றாகத் தட்டுங்கள். இரண்டு விநாடி கழித்து அதை மட்டும் விரலால் தொட்டு நிறுத்துங்கள். மெலிதாக ஒரு பி இன்னும் கேட்கும். ஏழாவது தந்தியின் மேல் விரல் நுனியை வையுங்கள், அதுவும் அடங்கிவிடும். யாரும் தட்டாமலே ஏழாவது தந்தி ஒத்ததிர்ந்தது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் இந்த மெல்லிய ஒலிதான் பூதாகரமாகி எல்லாவற்றையும் குழப்பும்.

ஆறு தந்தியில் பலர் இடது கட்டைவிரலைக் கழுத்துக்கு மேல் கொண்டுவந்து கீழ்ச் சுருதித் தந்தியை அமுக்குவார்கள். இங்கே கழுத்து அகலம். தலைப்பக்கம் தந்திகள் ஏறிச் செல்லும் நட்டிலேயே சுமார் 48 மில்லிமீட்டர், ஆறு தந்தியில் 42 அல்லது 43தான். கட்டைவிரலைக் கழுத்தின் பின்பக்க நடுவில் வைத்தால்தான் மற்ற விரல்கள் ஏழாவது தந்தியை எட்டும். எனவே அடக்கும் வேலை வலது கைக்குப் போகிறது. உள்ளங்கையின் ஓரத்தை, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள சதையை, பிரிட்ஜை ஒட்டித் தந்திகளின் மேல் வையுங்கள். மெல்லிய தந்திகளுக்குப் போகப் போகக் கையும் கூடவே இறங்கட்டும். விட்டுவந்த தடித்த தந்திகள் எல்லாம் கைக்கு அடியில் இருக்க வேண்டும். இடது ஆள்காட்டி விரலுக்கும் வேலை உண்டு. நுனி அடுத்த தடித்த தந்தியை லேசாகத் தொடட்டும், அடிப்பகுதி மெல்லிய தந்திகளின் மேல் சாய்ந்திருக்கட்டும்.

இதற்கான பயிற்சி: தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து ஏழாவது தந்தியில் 1, 2, 3, 4 ஃப்ரெட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்து, அப்படியே ஆறாவது, ஐந்தாவது என்று முதல் தந்தி வரை போங்கள். ஒவ்வொரு தந்தி முடிந்ததும் ஒரு அடி மௌனம். அந்த மௌனத்தில் ஏதாவது கேட்டால் நின்று, எந்தத் தந்தி என்று தேடிப் பிடித்துவிட்டுத் தொடருங்கள். பத்து நாள் இதை மட்டும் செய்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

அப்புறம் பவர் கார்ட், அதாவது ஒரு ஸ்வரமும் அதன் பஞ்சமமும் சேர்ந்த தட்டு. ஏழாவது திறந்தது, ஆறாவதில் இரண்டாவது ஃப்ரெட், ஐந்தாவதில் இரண்டாவது ஃப்ரெட். இதுதான் பி. ஆம்பில் கெயினையும் (கரகரப்பைக் கூட்டும் குமிழ்) பேஸையும் (தாழ்ந்த ஒலிக்கான குமிழ்) நீங்கள் நினைப்பதைவிடக் குறைத்து வையுங்கள். இந்தச் சுருதி பேஸ் கிட்டாரின் எல்லைக்குள் வருவதால், பேஸைக் கூட்டினால் ஸ்வரமே புரியாது. வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பத்துக்கு மேல் நான் ஹெட்போனுக்கு மாறிவிடுவேன். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும், பக்கத்து வீட்டு அக்கா அதிகாலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்.

நம் ஊர் ஈரக்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஏழையும் துடைத்து விடுங்கள்.

ஒரு மாதம் போன பிறகு இதைச் செய்து பாருங்கள். ஏழாவது தந்தியைத் திறந்தபடி தட்டி, இந்த முறை அடக்காமல் ஒலிக்க விடுங்கள். அதையே ஆதார சட்ஜமாக வைத்துக்கொண்டு, மூன்றாவது தந்தியில் மட்டும் 4, 6, 8, 11, 13, 16 ஃப்ரெட்டுகளை மெதுவாக ஏறி, அதே வழியில் இறங்குங்கள். மோகன ராகம் வரும். கீழே பி மங்கத் தொடங்கும்போது இன்னொரு முறை தட்டிக்கொள்ளலாம்.