'நம்பர் 1 நியூஸ் சேனல்': டி.ஆர்.பி. கணக்கைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே வாரத்தில் இரண்டு இந்தி நியூஸ் சேனல்கள் 'நாங்கள்தான் நம்பர் 1' என்று போஸ்டர் போடுவது சாதாரணம். இரண்டும் காட்டுவது, டி.வி. பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) நிறுவனத்தின் கணக்கைத்தான். இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம். விஷயம் போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. சந்தை, வயது, நேரம், வாரம், அளவுகோல் என்று ஐந்தும் அங்கே இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தாலும் அந்த போஸ்டரைப் பகிராதீர்கள்.

சந்தை என்ற இடத்தில் 'எச்.எஸ்.எம்.' (இந்தி பேசும் சந்தை) என்று இருந்தால் பலரும் அதை உ.பி., பீகார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தென் மாநிலங்கள் நீங்கலாக நாடு முழுவதும் அதில் அடக்கம். மகாராஷ்டிரம், குஜராத், மேற்கு வங்கம் எல்லாம் உண்டு. வயதை '22+ ஆண்கள்' என்று சுருக்கி, நேரத்தை இரவு 9 முதல் 10 வரை என்று குறுக்கினால், பின்தங்கிய சேனலும் முதலிடத்துக்கு வந்துவிடலாம்.

அடுத்த குழப்பம் ரீச், அதாவது எத்தனை பேரைச் சேனல் எட்டியது என்ற எண்ணிக்கை. ஒரு நிமிடம் பார்த்தவரும் ரீச்சில் ஓர் ஆள்தான். ஏ.எம்.ஏ. என்பது சராசரியாக ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற கணக்கு. அரை மணி நேர நிகழ்ச்சியை 10 லட்சம் பேர் ஆளுக்கு 3 நிமிடம் பார்த்தாலும், 2 லட்சம் பேர் ஆளுக்கு 15 நிமிடம் பார்த்தாலும் ஏ.எம்.ஏ. 1 லட்சம்தான். ரீச் மட்டும் ஐந்து மடங்கு வேறுபடும். ரீச் எகிறி, ஓர் ஆள் பார்த்த நேரம் சரிந்திருந்தால் 'லேண்டிங் பேஜ்' காரணமா என்று பாருங்கள். செட்-டாப் பாக்ஸை ஆன் செய்ததும் தானாக வரும் அந்த இடத்தைச் சேனல்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. 2018இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைத் தடுக்கப் பார்த்தது. 2019இல் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

அதிகம் பேர் சறுக்குவது வார ஒப்பீட்டில்தான். டி.ஆர்.பி. மோசடி வழக்கையடுத்து 2020 அக்டோபரில் நிறுத்தப்பட்ட நியூஸ் சேனல் ரேட்டிங் 2022 மார்ச்சில் திரும்பியபோது, ஒவ்வொரு வாரமும் கடைசி நான்கு வாரங்களின் சராசரியாக வந்தது. இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 100 எடுக்கும் சேனல், தேர்தல் முடிவு வாரத்தில் 200 எடுக்கிறது. சராசரி 125 ஆகும். அடுத்த மூன்று வாரமும் பழையபடி 100தான் எடுத்தாலும் அறிக்கையில் 125 அப்படியே நிற்கும். ஐந்தாவது அறிக்கையில் திடீரென 100க்கு இறங்கும். உடனே 'இந்த வாரம் சரிவு' என்று எழுதி, அந்த வார விவாதத்தையோ நெறியாளரையோ காரணம் காட்டுகிறார்கள். அந்த வாரத்தில் எதுவுமே நடக்கவில்லை. தேர்தல் வாரம் சராசரியிலிருந்து வெளியேறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒப்பிட வேண்டுமென்றால் ஒன்றின் மேல் ஒன்று விழாத இரண்டு நான்கு வாரத் தொகுதிகளை எடுங்கள்.

சிறிய வித்தியாசத்தையும் பெரிதாக்க வேண்டாம். மத்திய அரசு 2025இல் சொன்ன கணக்குப்படி சுமார் 23 கோடி டி.வி. வீடுகளுக்கு பார்ப்பதைப் பதிவு செய்யும் மீட்டர் உள்ள வீடுகள் 58,000 மட்டுமே. நியூஸ் பார்ப்பவர்களோ மொத்தப் பார்வையாளர்களில் சிறு பங்கு. அதை மாநிலம், வயது, ஒரு மணி நேரம் என்று நறுக்க நறுக்க, கையில் மிஞ்சும் மாதிரி சிறுத்து, பிழை பெருகும். தமிழ் நியூஸ் சேனல்களில் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு இடையே ஒரு சதவீதம்தான் இடைவெளி என்றால் அதை ஏறத்தாழச் சமம் என்றே எழுதுவது நேர்மை.

தமிழில் 25 சதவீதம் வைத்திருக்கும் சேனல், இந்தியில் 15 சதவீதம் வைத்திருக்கும் சேனலைவிடப் பெரியது என்பதும் தவறு. அவரவர் மொழிச் செய்திப் பிரிவுக்குள் கிடைத்த பங்கு அது; மொத்தமே வேறு வேறு.

யூடியூப் வியூஸை ஏ.எம்.ஏ.வுடன் வைத்துப் பார்க்காதீர்கள். வியூஸ் கூடிக்கொண்டே போகும் எண். நேரலையில் ஒரே சமயத்தில் பார்ப்பவர்களின் சராசரிதான் ஏ.எம்.ஏ.வுக்கு அருகில் வரும்.