சென்னையில் மறுவிற்பனை அடுக்குமாடி வீடு: முன்பணம் தருவதற்கு முன்

அடையாறு, மயிலாப்பூர், அண்ணா நகர் போன்ற பகுதிகளில் நியாயமான விலையில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு விற்பனைக்கு வந்தால், ஒரே வாரத்தில் பலர் வந்து பார்த்துவிடுகிறார்கள். “இன்றைக்கே டோக்கன் போடுங்கள்” என்று தரகர் அவசரப்படுத்துவது எப்போதும் பொய்யென்று சொல்ல முடியாது. ஆயினும் அந்த அவசரத்துக்கு விலையை ஏற்றிப் பதில் சொல்வதைவிட, கடன் ஒப்புதலையும் ஒரு சொத்து வழக்கறிஞரையும் வீடு தேடத் தொடங்கும்போதே ஏற்பாடு செய்து வைத்துக்கொள்வது நல்லது. பணம் எப்போது வரும் என்பதில் ஐயமில்லாத ஆளுக்குச் சற்றுக் குறைந்த விலையிலும் கொடுக்கவே பெரும்பாலான விற்பனையாளர்கள் விரும்புவார்கள்.

கையில் எவ்வளவு வேண்டும் என்பதைப் பலர் குறைவாகவே கணக்கிடுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 75 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வீட்டுக்கடன், சொத்து மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேரா. ஒரு கோடியே 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சமாக 90 லட்சம் தரும். மீதி 30 லட்சத்தோடு, பத்திரத்தில் முழு விலையையும் காட்டினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 ஆக 9 சதவீதம், அதாவது 10.8 லட்சமும் உங்கள் பொறுப்பு. தரகும் பழுதுபார்ப்பும் தனி. விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்: அது சட்டவிரோதம் என்பதோடு, பத்திர மதிப்பு குறைவதால் கடனும் குறையும்.

ஆவணங்களில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சொத்தின் மீது பதிவான விற்பனை, அடைமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பதால், வீடு பிடித்த அன்றிரவே 30 ஆண்டுகளுக்குத் தேடிவிடுங்கள். பழைய அடைமானப் பதிவு இருந்து, அதைத் தீர்த்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை என்றால், கடன் அடைந்துவிட்டது என்று விற்பவர் வாயால் சொல்வது போதாது. வில்லங்கச் சான்றை மட்டும் நம்பிவிடவும் கூடாது. பதிவு செய்யப்படாத உயிலோ, வாரிசுகளின் உரிமையோ அதில் தெரியாது. இந்துக் குடும்பத் தலைவர் ஒருவர் தம் சொந்தச் சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்திருந்தால், மனைவி, மகன், மகளோடு உயிருடனிருக்கும் அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. மகன்கள் மட்டும் கையெழுத்திடத் தயாராக நிற்கும் வீடுகளில் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது யூ.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. 30 ஆண்டுப் பழைய கட்டடத்தில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் நிலத்தைத்தான். நாளை கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் உங்கள் பங்கைத் தீர்மானிப்பதில் இதுவே முதன்மை. எனவே ஒரே பரப்பளவுள்ள இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது, சதுர அடி விலையோடு நிறுத்திக்கொள்ளாமல், பத்திரத்திலுள்ள நிலப் பங்கையும் பாருங்கள். சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இல்லாத தளமோ மொட்டைமாடி அறையோ இருந்தால் வங்கி தயங்கும், பிற்காலத்தில் விற்பதும் கடினம்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பார்ப்பவர்கள், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று காவலாளியிடமும் தரைத்தளக் குடியிருப்பாளரிடமும் கேளுங்கள். தரகரிடம் கேட்டுப் பயனில்லை.

இவையெல்லாம் சரியென்றால் டோக்கன் போடலாம், ஆனால் சிறு தொகையாக, வங்கி வழியாக. கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்வது கட்டாயம். வங்கியின் சட்ட ஆய்வில் உரிமைக் குறை கண்டுபிடிக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கட்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், 1 சதவீத வருமானவரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்துவது வாங்குபவரின் கடமை. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு கூடும் என்பதால், ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே ஒரு தணிக்கையாளரைக் கலந்து, பிடிக்க வேண்டிய தொகையை ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.