நின்றால் தெளிவு, ஓடினால் மினுக்கல்: அனிமேஷன் ரெண்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனிமேஷன் ரெண்டரில், அதாவது முப்பரிமாணக் காட்சியைக் கணினி படங்களாகக் கணக்கிட்டு எடுக்கும் வேலையில், நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன: ஒற்றை ஃப்ரேமைப் பார்த்துவிட்டு முழுக் காட்சியும் தயார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நின்ற படத்தில் சுவர் மூலையிலுள்ள இலேசான திட்டு கண்ணில் படாது. அதே திட்டு விநாடிக்கு 24 முறை வேறு வேறு வடிவம் எடுத்தால், சுவரே கொதிப்பதுபோல் தெரியும்; இதைத்தான் மினுக்கல் என்கிறோம். காட்சியின் மிக இருண்ட பகுதியிலிருந்து அடுத்தடுத்த 20 ஃப்ரேம்களையாவது இறுதி அமைப்பிலேயே ரெண்டர் செய்து, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி எடுத்த ஃப்ரேம்கள் ஒளியமைப்பைச் சரிபார்க்க உதவுமே தவிர, மினுக்கலைக் காட்டிக்கொடுக்கா.

மினுக்கல் தெரிந்தவுடன் சாம்பிள் (ஒவ்வொரு பிக்சலுக்கும் எடுக்கும் ஒளி மாதிரி) எண்ணிக்கையைக் கூட்டுவது அடுத்த தவறு. ஒளிக்கதிர்களின் பாதையைத் தொடர்ந்து கணக்கிடும் பாத் டிரேசிங்கில் நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்), சாம்பிள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறைகிறது. 256 சாம்பிளில் உள்ள நாய்ஸைப் பாதியாக்க 1024 சாம்பிள் தேவை, அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம். அந்த விலையைக் கொடுப்பதற்கு முன், கேமராவும் பொருள்களும் அசையாத இடத்தில் அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, டிஃபரன்ஸ் முறையில் கழித்துப் பாருங்கள். மாறாத இடங்கள் கறுப்பாகிவிடும். மிஞ்சுவது தனித்தனிப் பிக்சல் புள்ளிகளானால் சாம்பிள் போதவில்லை, மேகம்போன்ற பெரிய திட்டுகளானால் நாய்ஸை அகற்றும் டீநாய்ஸரையோ, ஒளிக் கணக்கீட்டின் கேஷையோ (சேமித்து மறுபடி பயன்படுத்தும் முடிவுகளையோ) சந்தேகிக்க வேண்டும்.

டீநாய்ஸரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று மிகுதியான மினுக்கல் அங்கிருந்துதான் வருகிறது. வழக்கமான டீநாய்ஸர் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனியாகவே காண்கிறது. முந்தைய ஃப்ரேமில் தான் என்ன ஊகித்தது என்பது அதற்குத் தெரியாது. தகவல் குறைந்த இருட்டில் அது ஒவ்வொரு முறையும் புதிதாக ஊகிக்க, அந்த ஊகங்களின் வேறுபாடே திரையில் ஊர்கிறது. இதை மறைக்க, நாய்ஸின் அமைப்பைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை எல்லா ஃப்ரேம்களுக்கும் ஒன்றாகவே வைப்பவர்கள் உண்டு. அப்போது நாய்ஸ் திரையோடு ஒட்டிக்கொள்ள, அழுக்குக் கண்ணாடி வழியே காட்சியைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். என் கண்ணுக்கு இது மினுக்கலைவிட மோசம். சீட் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறட்டும். பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் சீட் எண்ணுக்கு அருகிலுள்ள கடிகாரக் குறியை அழுத்தினால் போதும். ஆல்பிடோ (பரப்பின் நிறம்), நார்மல் (பரப்பு நோக்கும் திசை) பாஸ்களையும், அதாவது ரெண்டரோடு தனியாக வரும் தகவல் படங்களையும், டீநாய்ஸருக்குக் கொடுத்தால் டெக்ஸ்சர் விவரங்கள் கரையாமல் நிற்கும். பக்கத்து ஃப்ரேம்களையும் கணக்கில் கொள்ளும் டெம்போரல் டீநாய்ஸருக்கோ ஒவ்வொரு பிக்சலும் எங்கே நகர்கிறது என்று சொல்லும் அசைவு வெக்டர்கள் தேவை. சைக்கிள்ஸில் மோஷன் பிளர் (அசைவு மங்கல்) இயங்கும்போது வெக்டர் பாஸ் கிடைக்காது என்பதால், பிளரை ரெண்டரிலேயே எடுப்பதா, பிறகு படங்களை ஒன்றிணைக்கும் கம்போசிட்டிங்கில் சேர்ப்பதா என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

வி-ரே ரெண்டரரின் இர்ரேடியன்ஸ் மேப் (எதிரொளியைச் சில புள்ளிகளில் மட்டும் கணக்கிட்டு வைப்பது) போன்ற கேஷ்களை ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாகக் கணக்கிடவிடுவதும் இதே வகைக் கோளாறுதான். கேமரா மட்டும் நகரும் காட்சியில் கேஷை முன்கூட்டியே கட்டிச் சேமித்துப் பயன்படுத்தலாம். பொருள்களோ விளக்குகளோ அசைந்தால் நேரம் கூடினாலும் கேஷின்றி நேரடியாகக் கணக்கிடும் புரூட் ஃபோர்ஸ் முறையே நம்பகமானது.

ஃபயர்ஃப்ளை எனப்படும் வெள்ளைப் பொட்டுகளுக்குக் க்ளாம்ப் (ஒளி அளவின் உச்சவரம்பு) மதிப்பை 1 வரை இறக்குவோர், அறையின் எதிரொளியும் சேர்ந்து மங்குவதைக் கவனிப்பதில்லை. விளக்கைச் சற்றுப் பெரிதாக்குவது, காஸ்டிக்ஸை (கண்ணாடி, உலோகம் குவிக்கும் ஒளியை) அணைப்பது என்று மூலத்திலேயே கைவைத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் க்ளாம்பை நாடலாம்.

சில மினுக்கல்களுக்கும் நாய்ஸுக்கும் தொடர்பே இல்லை. ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இரு பரப்புகள், தொலைவிலுள்ள நெருக்கமான கோட்டு டெக்ஸ்சர், கேமரா தூரத்துக்கேற்பப் பரப்பைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் அடாப்டிவ் சப்டிவிஷன் ஆகியவை சாம்பிளைக் கூட்டினால் மட்டும் முழுதாக அடங்கிவிடுவதில்லை. முதலாவதில் ஒரு பரப்பை மிகச் சிறிதளவு நகர்த்தினாலே தீர்ந்துவிடும்; கடைசியானதற்கு, அசையாத வேறொரு கேமராவை, பிரிப்பு அளவைத் தீர்மானிக்கும் டைசிங் கேமராவாகக் கொடுக்கலாம்.

கடைசியாக, சேமிப்பு. நேரடியாக வீடியோ கோப்பாக ரெண்டர் செய்யாமல், 16 பிட் இஎக்ஸ்ஆர் (EXR) கோப்புகளின் படவரிசையாக எடுங்கள். டீநாய்ஸ் செய்யாத பாஸையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி அறைக் காட்சி ஒன்றில், இடம் மிச்சமாகட்டும் என்று அந்தப் பாஸை நான் சேமிக்காமல் விட்டேன். டீநாய்ஸரின் அமைப்பில் ஒரே ஒரு தேர்வு பிழையென்று பிறகு தெரிந்தபோது, மாற்றிப் பார்க்க மூலம் இல்லாமல் 240 ஃப்ரேம்களையும் முதலிலிருந்து ரெண்டர் செய்ய வேண்டியதாயிற்று.