ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிவதைப் படிப்படியாக ஆராய்வது எப்படி? ஆப்பிள் ஈயை முன்வைத்து ஒரு தொடக்கநிலை விளக்கம்

புதிய சிற்றினம் தோன்ற வேண்டுமானால் மலையோ கடலோ குறுக்கே வந்து ஓர் உயிரினக் கூட்டத்தைப் பிரிக்க வேண்டும் என்றே நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஆனால் ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்து மரங்களில் வாழ்ந்துகொண்டே பிரியத் தொடங்கிய உயிர்களும் உண்டு. வட அமெரிக்காவின் ரகோலெட்டிஸ் பொமோனெல்லா என்னும் பழ ஈ அவற்றுள் ஒன்று. இந்தப் பாடத்தைத் தொடங்குபவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது என்பது என் கருத்து. ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: வாழிடத்தில் என்ன மாறியது என்று எழுதுங்கள்

இந்த ஈயின் பழைய உணவு, முட்கள் நிறைந்த ஹாதார்ன் மரத்தின் சிறிய சிவப்புப் பழம். பெண் ஈ பழத்தோலைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளிருந்தே சதையைத் தின்று வளரும். பழம் உதிர்ந்தபின் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிக் குளிர்காலத்தைக் கழிக்கும். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் ஆப்பிள் மரங்களைக் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில் ஆப்பிளுக்குள் இந்தப் புழுக்கள் காணப்பட்டன. உணவு மாறிய பூச்சிகளிலிருந்து புதிய சிற்றினம் உருவாகக்கூடும் என்று பூச்சியியலாளர் பெஞ்சமின் வால்ஷ் 1860களிலேயே எழுதினார்.

படி 2: இரண்டு காலக்கோடுகள் வரையுங்கள்

மேல்கோட்டில் ஆப்பிள் பழுக்கும் காலத்தையும், கீழ்க்கோட்டில் ஹாதார்ன் பழுக்கும் காலத்தையும் குறியுங்கள். ஆப்பிள் ஏறக்குறைய 3 முதல் 4 வாரங்கள் முன்னதாகப் பழுக்கிறது. வளர்ந்த ஈயின் ஆயுளோ சுமார் ஒரு மாதந்தான். ஆகவே ஹாதார்னுக்கு உரிய நாளில் மண்ணைவிட்டு வெளிவரும் ஈ, ஆப்பிள் மரத்துக்குப் போனால் பருவம் முடியும் தறுவாயில்தான் போய்ச்சேரும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள், மண்ணுக்கு அடியிலும் ஒரு கோடு தேவை. ஆப்பிளிலிருந்து வரும் புழு முன்னதாகவே மண்ணுக்குள் போய்விடுவதால், குளிர் தொடங்கும்வரை அதிக நாள் வெதுவெதுப்பான மண்ணில் கிடக்க நேர்கிறது. அப்போது வளர்ச்சியை ஆழமாக நிறுத்திவைக்க முடியாத கூட்டுப்புழு, இலையுதிர்காலத்திலேயே ஈயாக வெளிவந்து, முட்டையிடப் பழமின்றி, சந்ததி விடாமல் மடிந்துபோகும். இயற்கைத் தேர்வு இங்கேதான், நம் கண்ணில் படாத மண்ணுக்குள், மிகக் கடுமையாக வேலை செய்கிறது. பலரும் பழத்தை மட்டுமே பார்த்துவிட்டு இந்தப் பகுதியைக் கடந்துவிடுகிறார்கள்.

படி 3: இணை சேரும் இடத்தைக் கண்டறியுங்கள்

இந்த ஈக்களின் ஆணும் பெண்ணும் தாங்கள் நாடும் பழத்தின்மேலோ அதன் அருகிலோதான் சந்திக்கின்றன. எனவே எந்தப் பழத்தை நாடுவது என்ற தேர்வே, எந்த ஈயோடு சேர்வது என்ற தேர்வாகவும் ஆகிவிடுகிறது. பழத்தை அவை மணத்தால் அறிகின்றன; ஆய்வகத்தில் ஆப்பிளை நாடும் வகையையும் ஹாதார்னை நாடும் வகையையும் கலந்து பெற்ற ஈக்களில் பெரும்பாலானவை இரண்டு பழங்களின் மணத்துக்குமே சரியாக எதிர்வினை காட்டவில்லை. அப்படியும் பிரிவு முழுமையானதன்று: ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 4 முதல் 6 விழுக்காடு அளவுக்கு இரு வகைகளுக்கிடையே மரபணுப் பரிமாற்றம் நிகழ்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

படி 4: மரபணு வேறுபாட்டைச் சரியாகப் படியுங்கள்

நில எல்லை இல்லாமலே இந்த ஈக்கள் பிரிகின்றன என்று உயிரியலாளர் கய் புஷ் 1960களில் வாதிட்டபோது பலர் ஏற்கவில்லை. 1988இல் ஜெஃப்ரி ஃபெடர் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வுகள், சில நொதிகளுக்குரிய அல்லீல்களின் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களின்) விகிதம் இரு வகை ஈக்களிலும் வேறுபடுவதைக் காட்டின. இங்கே கவனம் தேவை. ஆப்பிள் ஈக்கு மட்டுமே உரியது என்று ஓர் அல்லீலைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதே அல்லீல்கள் இரு பக்கமும் இருக்கின்றன, எத்தனை பங்கு இருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

அவற்றுள் பல, குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கும் பகுதிகளில் அமைந்துள்ளன. அத்தகைய பகுதிகளில் மறுசேர்க்கை (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) குறைவு என்பதால், ஒன்றாகப் பயன்தரும் மரபணுக்கள் கலப்பு நடந்தாலும் எளிதில் சிதறுவதில்லை. 2003இல் வெளியான ஆய்வு, இந்தத் தலைகீழ் மாற்றங்களில் சில மெக்சிகோவின் மலைப்பகுதி ஈக்களோடு தொடர்புடையவை என்றும், ஆப்பிள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தோன்றியவை என்றும் காட்டியது. உணவு மாறியது சில நூற்றாண்டுகளுக்குள். அதற்குப் பயன்பட்ட மரபுவளமோ மிகப் பழையது. உங்கள் தாளில் இந்த இரண்டு காலங்களையும் கலக்காமல் தனித்தனியே குறியுங்கள்.

படி 5: எவ்வளவு தூரம் பிரிந்திருக்கிறது என்று தீர்மானியுங்கள்

ஆப்பிள் ஈயும் ஹாதார்ன் ஈயும் இன்றும் ஒரே சிற்றினத்தின் இரு உணவுவழி வகைகளாகவே கருதப்படுகின்றன. புளூபெரிப் பழத்தை நாடும் நெருங்கிய உறவான ரகோலெட்டிஸ் மென்டாக்ஸ் தனிச் சிற்றினமாக ஏற்கப்பட்டுவிட்டது. இந்த இரண்டு நிலைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்து, ஈயை நம்பி வாழும் உயிர்களையும் பாருங்கள். ஈயின் புழுவுக்குள் முட்டையிடும் டயகாஸ்மா அல்லோயம் என்னும் குளவியும், எந்தப் பழத்து ஈயை நாடுகிறதோ அதற்கேற்ப மரபணுவிலும், வெளிவரும் காலத்திலும், மண விருப்பத்திலும் வேறுபடத் தொடங்கியிருப்பதாக 2009இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.